மலையில் சிக்கியவரை மீட்கும் செலவு யாருடையது?

திண்டுக்கல் நகரின் மொட்டை மாடிகளில் நின்றால் தென்கிழக்கே சிறுமலையும், வானம் தெளிந்த நாள்களில் மேற்கே பழனி மலைத்தொடரும் தெரியும். விடுமுறை நாள்களில் வத்தலகுண்டு வழியாகக் கொடைக்கானலுக்கு ஏறும் வாகனங்களில், மலையேற்றப் பைகளுடன் செல்லும் இளைஞர்களை இப்போது சாதாரணமாகக் காணலாம். அவர்களில் ஒருவர் வழி தவறினாலோ, பாறையிடுக்கில் சிக்கினாலோ தேடிச் செல்லும் செலவை யார் ஏற்பது என்ற கேள்விக்கு நம்மிடம் தெளிவான விடை இல்லை.

அண்டை மாவட்டமான தேனியின் குரங்கணி மலையில் 2018 மார்ச் 11-ஆம் தேதி மூண்ட காட்டுத் தீயில் மலையேற்றக் குழுவினர் சிக்கினர். 23 பேர் உயிரிழந்தனர். விமானப் படையின் ஹெலிகாப்டர்களும் கமாண்டோக்களும் வந்தது பிறகுதான். முதலில் ஓடியவர்கள் சுற்றியுள்ள கிராமத்து மக்கள். காயம்பட்டவர்களை டோலி கட்டித் தூக்கி இறக்கியவர்களும் அவர்களே. ஹெலிகாப்டருக்குப் பதிவேடு உண்டு. தோள் கொடுத்தவர்களின் உழைப்பை எந்தத் தலைப்பின் கீழ் எழுதுவது?

2022 பிப்ரவரியில் கேரளத்தின் மலம்புழை அருகே செங்குத்தான பாறையில் சிக்கிய 23 வயது இளைஞரை, சுமார் 45 மணி நேரத்துக்குப் பின் ராணுவத்தினர் மீட்டனர். மீட்புக்கு ஏறத்தாழ முக்கால் கோடி ரூபாய் செலவானதாகச் செய்தி வெளியானதும், பாராட்டுக் குரல்கள் குறைந்து கண்டனக் குரல்கள் ஓங்கின. 'அனுமதியின்றி ஏறியவருக்காக நம் வரிப்பணமா?' என்ற சினம் புரிந்துகொள்ளக் கூடியதே. அமெரிக்காவின் நியூ ஹாம்ப்ஷைர் மாநிலத்தில், கவனக்குறைவால் சிக்கியவர்களிடம் மீட்புச் செலவை வசூலிக்கச் சட்டமே இருக்கிறது.

எனினும், இந்த வழி நமக்கு ஏற்றதாகத் தோன்றவில்லை. கட்டணத்துக்கு அஞ்சுபவர் உடனே உதவி கோரமாட்டார். எப்படியாவது தாமே இறங்கிவிடலாம் என்று இருட்டில் முயல்வார். மாலையில் அழைத்திருந்தால் வழி தெரிந்த நால்வர் கைவிளக்குடன் சென்று அழைத்து வந்திருப்பார்கள். மறுநாள் அழைக்கும்போது கால் முறிந்திருக்கும், ஹெலிகாப்டர் தேவைப்படும். தவிர, வீரர்களின் ஊதியமும் ஹெலிகாப்டரின் பராமரிப்பும் அந்த ஒரு நாளுக்காகவே உருவான செலவுகள் அல்ல. அத்துமீறலுக்குத் தண்டனை வேண்டுமெனில் வனச் சட்டம் இருக்கிறது. அபராதத்தையும் மீட்புக் கட்டணத்தையும் ஒன்றாக்க வேண்டியதில்லை.

பணம் வாங்கிக்கொண்டு மலைக்கு அழைத்துச் செல்லும் அமைப்புகளின் நிலை வேறு. அவர்களிடம் காப்பீட்டையும் வைப்புத்தொகையையும் முன்கூட்டியே கேட்பது நியாயம். ஸ்விட்சர்லாந்தில் 'ரேகா' என்ற வான்வழி மீட்பு அமைப்பு, லட்சக்கணக்கானோர் ஆண்டுதோறும் செலுத்தும் சிறு தொகையை நம்பியே பெரிதும் இயங்குகிறது. குரங்கணிக்குப் பின் தமிழக அரசு மலையேற்றத்துக்கு விதிகளை வகுத்தது. 2024 அக்டோபரில் 14 மாவட்டங்களில் 40 பாதைகளை இணையவழி முன்பதிவுடன் திறந்தது. வசூலிக்கும் வழி ஏற்கெனவே அமைந்துவிட்டது. ஒவ்வொரு கட்டணத்திலும் ஒரு சிறு பகுதியை மீட்பு நிதியாக ஒதுக்குவது அரசுக்குக் கடினமல்ல.

அந்த நிதி எங்கே போக வேண்டும் என்பதுதான் முக்கியம். கொடைக்கானலுக்குக் கீழேயுள்ள வெள்ளகவி கிராமத்தினர், சாலையில்லாத மலைப்பாதையில் தங்கள் நோயாளிகளையும் கர்ப்பிணிகளையும் தலைமுறைகளாக டோலி கட்டித் தூக்கிச் சென்றவர்கள். எந்தப் பாறை வழுக்கும், எந்த ஓடை மழையில் பெருகும் என்பதை அவர்களைவிட நன்கு அறிந்த மீட்புப் படை வேறில்லை. நகரத்து இளைஞரைத் தேடி அவர்கள் காட்டுக்குள் செல்லும் நாளில் அவர்களது அன்றைய கூலி போகிறது. கீழே விழுந்தால் காப்பீடும் இல்லை. கயிறு, தூக்குப் படுக்கை, கம்பியில்லாக் கருவி, முறையான பயிற்சி, அழைப்பு வந்த நாளுக்கு ஊதியம், விபத்துக் காப்பீடு ஆகியவற்றை இத்தகைய மலைக்கிராமங்களுக்கு வழங்குவதே அந்த நிதியின் முதல் செலவாக இருக்க வேண்டும். ஹெலிகாப்டருக்கான கணக்கைப் பிறகு பார்க்கலாம்.