நாம் வாங்காத இசைத்தட்டுகள்



"உங்களுக்குப் பிடித்த இசைத்தட்டு எது? அதை முதன்முதலாக எப்போது கேட்டீர்கள்?" என்று பெரிய மனிதர்களிடம் கேட்டு, அவர்கள் சொன்னதைப் படத்தோடு அச்சிடுவது பத்திரிகைகளின் வழக்கமாக இருக்கிறது. தாத்தா வீட்டு மாடியில் பளபளக்கும் பெட்டி ஒன்று இருந்தது, அதைத் தொடக்கூடாது என்பது கட்டளை, தாத்தா வெளியே போன சமயம் பார்த்துச் சாவி கொடுத்துக் கேட்டேன் என்பார் ஒருவர். மாமா லண்டனிலிருந்து வரும்போது வாங்கி வந்தார் என்பார் இன்னொருவர். படிக்க இனிமையாகத்தான் இருக்கிறது. குறை சொல்வதற்கில்லை.

அதே கேள்வியை ஆலை வாயிலில் சங்கு ஊதக் காத்து நிற்கும் ஒரு தோழரிடம் கேட்டுப் பாருங்கள். "நம்ம வீட்டிலே பெட்டி ஏதுங்க?" என்று சிரிப்பார். அத்துடன் விட்டுவிட்டால், அவருக்குச் சொல்ல ஒன்றுமே இல்லை என்று ஆகிவிடும். விடாதீர்கள். "சரி, எங்கே கேட்டீர்கள்?" என்று மாற்றிக் கேளுங்கள். அப்போது பாருங்கள், மடை திறந்த வெள்ளத்தை! சலூன் என்பார், தேநீர்க் கடை பெஞ்சு என்பார், அக்காள் கல்யாணத்தில் பனைமரத்து உச்சியில் கட்டிய குழாய் என்பார், டூரிங் கொட்டகையில் டிக்கெட் கொடுக்கும் முன் போடும் ரிக்கார்டு என்பார். ஊரும் வரும், மாதமும் வரும், பக்கத்தில் நின்றவன் பேரும் வரும். பெட்டி வைத்திருந்தவர் தனியாகக் கேட்டார். நாம் ஊரோடு கேட்டோம். அதனால்தான் நம் நினைவில் ஆள்கூட்டம் அதிகம்.

"ஆல்பம்" என்ற சொல்லின் கதையை முதலில் சொல்லிவிடுகிறேன். பழைய தட்டு நிமிடத்துக்கு 78 சுற்றுச் சுற்றியது. ஒரு பக்கத்தில் ஏறக்குறைய 3 நிமிடம்தான் பாட்டு. நீண்ட இசை என்றால் நாலு தட்டு, ஐந்து தட்டு வேண்டும். அவற்றைப் புகைப்பட ஆல்பம் போல உறை உறையாகத் தைத்த புத்தகத்தில் வைத்து விற்றார்கள். அந்தப் புத்தகத்துக்குத்தான் ஆல்பம் என்று பேர். 1948-இல் அமெரிக்காவில் நீண்ட நேரம் ஓடும் தட்டு வந்து, எல்லாம் ஒரே தட்டில் அடங்கிய பிறகும் பேர் மட்டும் ஒட்டிக்கொண்டது. நம் ஊர் மைக் செட்காரரிடம் உறைப் புத்தகம் கிடையாது. தகரப் பெட்டியும், தட்டுக்குத் தட்டு நடுவே செருகிய பழைய செய்தித்தாளும்தான் அவருடைய ஆல்பம்!

அந்தத் தட்டு எதனால் ஆனது? அரக்கு, தோழர்களே. சோட்டா நாகபுரிக் காடுகளில் பலாச மரத்திலும் இலந்தை மரத்திலும் அரக்குப் பூச்சி படிய விடும் பிசினை ஆதிவாசி மக்கள் கிளையோடு வெட்டிச் சுரண்டிச் சேர்ப்பார்கள். அது உருகி, கல்பொடியும் கரியும் கலந்து, கல்கத்தாவை அடுத்த டம்டம் தொழிற்சாலையில் சூட்டு அச்சில் அழுந்தித் தட்டாக வரும். 1928-இல் கிராமபோன் கம்பெனி அங்கே அந்த ஆலையை அமைத்தது. நாய் மார்க்கைப் பார்த்தோம், பாடியவர் பேரைப் பார்த்தோம். காட்டில் சுரண்டிய கையையும் அச்சுக்கு முன் வெந்த முகத்தையும் யார் பார்த்தார்கள்?

பேர் என்றதும் ஒன்று நினைவுக்கு வருகிறது. 1949-இல் "மஹல்" என்ற இந்திப் படம் வந்தது. அதன் புகழ்பெற்ற பாட்டைப் பாடியவர் லதா மங்கேஷ்கர். தட்டின் மேல் அச்சாகியிருந்த பேரோ காமினி! காமினி யார்? படத்தில் வரும் கதாபாத்திரம். பாடிய தொண்டைக்குச் சொந்தக்காரி யார் என்று மக்கள் வானொலி நிலையத்துக்கு எழுதிக் கேட்க வேண்டியிருந்தது. லதாவுக்கே அந்தக் கதி என்றால், பின்னால் உட்கார்ந்து வயலின் வாசித்தவருக்கும் தபேலா தட்டியவருக்கும் என்ன கதி என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

நம் பாட்டுக்கு வேறொரு தடையும் வந்தது. 1952-இல் மத்திய ஒலிபரப்பு அமைச்சராக வந்தவர் பி.வி. கேஸ்கர். திரைப்பாட்டு மக்களின் ரசனையைக் கெடுக்கிறது என்பது அவருடைய எண்ணம். அகில இந்திய வானொலியில் திரைப்பாட்டு ஒடுங்கியது. சாஸ்திரிய சங்கீதம் உயர்ந்ததுதான், மறுக்கவில்லை. பகல் முழுதும் பஞ்சில் நின்று இருமிவிட்டு வருகிறவனுக்கு மாலையில் எந்தப் பாட்டு வேண்டும் என்பதை டில்லியில் உட்கார்ந்து ஒருவர் முடிவு செய்வதா என்பதுதான் கேள்வி. கேள்விக்கு மக்களே விடை சொன்னார்கள். முள்ளை இலங்கை வானொலிக்குத் திருப்பினார்கள்! கடல் தாண்டிக் கொழும்பிலிருந்து நம் பாட்டு நமக்கே வந்தது. 1957 அக்டோபரில் விவித பாரதியைத் தொடங்க வேண்டிய நிலை டில்லிக்கு ஏற்பட்டது. பஞ்சாயத்து ரேடியோ சொன்னதைக் கேட்கும் காலம் போய், கேட்பவன் சொன்னதை ரேடியோ கேட்கும் காலம் வந்தது. இதை ஒரு போராட்டம் என்று யாரும் எழுதவில்லை. கொடி பிடிக்காத போராட்டம்; ஆனால் வென்ற போராட்டம்.

இனி என் கணக்கு. கேட்கச் சொல்லிவிட்டு நான் மட்டும் நழுவினால் நியாயமில்லை அல்லவா?

1961 செப்டம்பர் 5, பொன்மலை. எனக்கு 10 வயது. அப்பா ரயில்வே ஒர்க்ஷாப்பில் வேலை. 1946-இல் அதே நாளில் பொன்மலையில் நடந்த துப்பாக்கிச் சூட்டில் 5 தொழிலாளர்கள் பலியானதை நீங்கள் அறிவீர்கள். அவர்களுக்கு அஞ்சலிக் கூட்டம். ஷிப்டு முடிந்து ஆட்கள் வந்து சேரும்வரை ரிக்கார்டு போடுவது வழக்கம். மைக் செட்காரர் இரண்டு மூங்கிலில் குழாய் கட்டி, முழங்காலில் பெட்டியை வைத்துத் தட்டைத் துடைத்துக்கொண்டிருந்தார். ஊசியை மாற்றினார். ஒரு பாட்டு எழுந்தது. ஆண் குரலும் பெண் குரலும் மாறி மாறி, தென்னங்கீற்றும் ஊஞ்சலுமாக, காற்று வீசுவது போன்ற மெதுவான பாட்டு.

முன்வரிசையில் நரைத்த மீசைக்காரர் ஒருவர் துண்டை உதறிக்கொண்டு எழுந்தார். "ஏம்ப்பா, செத்தவங்களுக்குக் கூட்டம் போட்டிருக்கோம். இங்கே போய்க் காதல் பாட்டா?" என்றார்.

மைக் செட்காரர் நிமிரவில்லை. "நம்ம படம்ணே இது" என்றார்.

"எது நம்ம படம்?"

"பாதை தெரியுது பார்."

மீசைக்காரர் உட்கார்ந்துவிட்டார். தட்டு கடைசிவரை ஓடியது. முடிந்ததும் அவரே, "இன்னொருக்கப் போடு" என்றார்!

அப்பாவிடம் கேட்டேன். "சங்கத்தைப் பத்தின படம்டா. நம்ம பக்கம் திரும்ப வந்தா கூட்டிக்கிட்டுப் போறேன்" என்றார். வரவில்லை. இன்றுவரை அந்தப் படத்தை நான் பார்த்ததில்லை. அந்தத் தட்டில் இருந்த பாட்டை எத்தனை முறை கேட்டேன் என்பதற்குக் கணக்கில்லை.

1960-இல் வந்த படம் அது. இடதுசாரி எண்ணம் கொண்டோர் கூடி, குமரி பிலிம்ஸ் என்ற பேரில் எடுத்தார்கள். இயக்கியவர் நிமாய் கோஷ். வங்காளத்திலிருந்து சென்னைக்கு வந்தவர். நாட்டுப் பிரிவினையில் வேரறுந்து வந்த அகதிகளைப் பற்றி "சின்னமூல்" என்ற படத்தை எடுத்தவர். தொழிலாளி வாழ்வையும் தொழிற்சங்கத்தையும் கதையாகக் கொண்டு தமிழில் ஒரு படம்! வசூலில் தோற்றது. கொட்டகைகளைக் கையில் வைத்திருந்தவர்களுக்கு அது இனிக்குமா? ஆனால் தட்டு தோற்கவில்லை. நான் கேட்ட அந்தப் பாட்டை எழுதியவர் ஜெயகாந்தன், பாடியவர்கள் பி.பி. ஸ்ரீனிவாசும் எஸ். ஜானகியும். அதே படத்துக்குக் கே.சி.எஸ். அருணாசலம் எழுதினார். பட்டுக்கோட்டை கல்யாணசுந்தரமும் எழுதினார். படம் வெளிவருவதைப் பார்க்க அவர் இல்லை. 1959 அக்டோபரில், 29 வயதில், அந்தக் குரல் ஓய்ந்துவிட்டது. படத்துக்குப் பூட்டுப் போட முடிந்தவர்களால் பாட்டுக்குப் பூட்டுப் போட முடியவில்லை. ஒரு தட்டும் ஒரு குழாயும் இருந்தால் ஊரே கொட்டகையாகிவிடுகிறதே!

இசை அமைத்தவர் எம்.பி. சீனிவாசன். மாணவர் இயக்கத்தில் வளர்ந்தவர். எத்தனையோ பேர் அருமையாக இசை அமைத்திருக்கிறார்கள். இவர் செய்த இன்னொரு காரியத்தை வேறு யாரும் செய்யவில்லை. திரை இசைக்கு வாத்தியம் வாசிக்கும் கலைஞர்களுக்குச் சென்னையில் தொழிற்சங்கம் கண்டார். நினைத்துப் பாருங்கள். அன்றைய கலைஞனின் நிலை என்ன? கூப்பிட்டால் வேலை, கொடுத்தால் கூலி. வாசிப்பு ஊரெல்லாம் ஒலிக்கும். வாசித்தவன் வீட்டில் அடுப்பு எரியுமா என்பது நிச்சயமில்லை. பேர் தட்டில் இராது. அவர்களைக் கலைஞர்கள் என்று புகழ்ந்துவிட்டுப் போவது எளிது. தொழிலாளர்கள் என்று சொல்லிச் சங்கத்தில் சேர்த்தார் அவர். பிறகு சென்னை இளைஞர் சேர்ந்திசைக் குழுவை அமைத்து, பலர் கூடிப் பாடுவதையே ஒரு கலையாக வளர்த்தார். 1988-இல் லட்சத்தீவுக்குச் சென்ற இடத்தில் காலமானார்.

அந்தப் படத்தின் நாயகன் கே. விஜயனை எத்தனை பேருக்கு நினைவிருக்கும்? நடிப்பில் நிற்காமல் இயக்குநரானவர். 1984-இல் அவர் இயக்கிய "விதி" வந்தது. வசனம் ஆரூர்தாஸ். அப்போது ஒலிநாடா பெருகிவிட்ட காலம். அதுவரை சிவாஜி பேசிய வசனத் தட்டுகளைக் கோயில் திருவிழாவில் கேட்டு மனப்பாடம் செய்த நாம், இந்தப் படத்தின் நீதிமன்ற வாதத்தைத் தேநீர்க் கடையில் நின்று கேட்டோம். ஏமாற்றியவனைக் கூண்டில் நிறுத்தி ஒரு பெண் நியாயம் கேட்கிறாள். பாட்டுக்குக் கூடுவதைப் போல வாதத்துக்குக் கூட்டம் கூடியது. டீ ஆறிப் போவதைக் கவனிக்காமல் ஆண்கள் தலைகுனிந்து கேட்டதை என் கண்ணால் பார்த்தேன். 1961-இல் நாங்கள் குழாயில் கேட்ட படத்தின் நாயகன்தான் இதை இயக்கியவர் என்று பக்கத்திலிருந்தவரிடம் சொன்னேன். "பேசாதீங்க, ஜட்ஜ்மெண்டு வருது" என்று அடக்கிவிட்டார்!

கல்யாண வீட்டுத் தட்டைச் சொல்லாமல் விட்டால் தாய்மார்கள் மன்னிக்க மாட்டார்கள். 1961-இல் வந்த "பாசமலர்" படத்தில் மணப்பெண்ணைத் தோழியர் அழைத்து வரும் பாட்டு. விசுவநாதன்–ராமமூர்த்தி இசையில் எல்.ஆர். ஈஸ்வரி பாடினார். அந்த ஈஸ்வரி யார்? கோரஸ் பாடப்போன தாயோடு போய்க் கூட்டத்தில் ஒரு குரலாகப் பாடத் தொடங்கியவர். தனிக்குரலாக எழுந்தபோது தமிழ்நாட்டில் அந்தக் குரல் ஒலிக்காத கல்யாணப் பந்தலே இல்லை என்று ஆயிற்று. எத்தனையோ பெண்கள், தாலி ஏறிய நேரத்தை மறந்திருப்பார்கள். அந்தப் பாட்டு ஒலித்த நேரத்தை மறந்திருக்க மாட்டார்கள்.

"இதெல்லாம் வேலையற்ற வேலை, அரிசி விலையைப் பற்றி எழுதக்கூடாதா?" என்று ஒரு தோழர் முகம் சுளிக்கக் கூடும். அரிசி விலையை நாளும் எழுதுகிறோம், இன்னும் எழுதுவோம். ஆனால் இதையும் எண்ணிப் பாருங்கள். இசைத்தட்டின் வரலாற்றை எதைக் கொண்டு எழுதுவார்கள்? கம்பெனியின் விற்பனைப் பட்டியலைக் கொண்டு எழுதுவார்கள். வாங்கியவன் அதில் இருப்பான். பொன்மலையில் "இன்னொருக்கப் போடு" என்று சொன்ன மீசைக்காரர் இருப்பாரா? ஒரு தட்டுத்தான் விற்றது; ஓராயிரம் பேர் கேட்டார்கள். அந்த ஓராயிரத்துக்கு ரசீது கிடையாது. அவர்கள் தலையில் உள்ள நினைவு ஒன்றுதான் சான்று. அரக்குத் தட்டு கைதவறினால் உடையும். எடைக்குப் போட்டவர்களும் உண்டு. 1961-இல் இளைஞனாக நின்று கேட்டவருக்கு இன்று 80 வயதுக்கு மேல்.

ஆகவே கிளைத் தோழர்களுக்கு ஒரு வேண்டுகோள். அடுத்த கூட்டம் தொடங்குவதற்கு முன், ஆட்கள் வந்து சேரும் அந்த அரைமணி நேரத்தில், ஊரில் மூத்தவர்களை உட்கார வைத்துக் கேளுங்கள். எந்தப் பாட்டு, எந்த இடம், பக்கத்தில் நின்றது யார்? இந்த மூன்றையும் ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். யார் வீட்டுப் பரணிலாவது தட்டு இருந்தால், படுக்கையாக அடுக்காமல் செங்குத்தாக நிறுத்தி வைக்கச் சொல்லுங்கள். வெயில் படாமல் இருக்கட்டும், இல்லாவிட்டால் நெளிந்துவிடும். மைக் செட்காரர் பேர் யாருக்காவது நினைவிருந்தால், அதை முதலில் எழுதிக்கொள்ளுங்கள்.