பொய் ஈயும் கோழி இறகும்

தூண்டில் என்றதும் நம் நினைவிற்கு வருவது மண்புழுதான். தாம்பரத்தைச் சுற்றியுள்ள ஏரிக்கரைகளில் சிறுவர்கள் மண்புழுவைக் கோர்த்துத் தூண்டில் போடுவதைப் பார்த்திருக்கிறோம். இறகைக் கட்டியும் மீன் பிடிக்கலாம் என்பதைச் சென்ற கோடை விடுமுறையில் உதகையிலுள்ள மாமா வீட்டிற்குச் சென்றபோதுதான் அறிந்தேன்.

நீலகிரியின் குளிர்ந்த ஓடைகளில் டிரௌட் என்னும் மீன் வாழ்கிறது. இது அயல்நாட்டிலிருந்து வந்தது. 1863ஆம் ஆண்டில் பிரான்சிஸ் டே என்பவர் இதனை இங்குக் கொண்டுவர முயன்று தோல்வியுற்றார். 1907ஆம் ஆண்டையொட்டி வில்சன் என்பவரின் முயற்சியால் அவலாஞ்சியில் மீன்குஞ்சு பொரிப்பகம் அமைந்த பின்னரே டிரௌட் இங்கு நிலைபெற்றது. நீரின்மேல் வந்து அமரும் பூச்சிகளை இம்மீன் விரும்பி உண்ணும். ஆகவே தூண்டில் முள்ளின்மீது நூலாலும் இறகாலும் பூச்சியைப் போன்ற 'பொய் ஈ' ஒன்றைக் கட்டுகிறார்கள்.

இதற்கு எந்த இறகு ஏற்றது? அந்த ஈ மிதக்க வேண்டுமா, அமிழ வேண்டுமா என்பதே முதற் கேள்வி. சேவலின் கழுத்து இறகில் இழைகள் விறைப்பாகவும் பளபளப்பாகவும் இருக்கும். அதனை முள்ளைச் சுற்றிக் கட்டினால் இழைகளின் நுனிகள் நீர்ப்பரப்பின்மேல் ஊன்றி நிற்கும்; ஈ மிதக்கும். பெட்டைக்கோழியின் இறகோ மென்மையானது. நீரை உறிஞ்சி அமிழ்ந்து, உயிருள்ள பூச்சியின் கால்களைப் போல அசையும். வாத்தின் எண்ணெய்ச் சுரப்பியைச் சுற்றியுள்ள மெல்லிறகு காற்றைச் சிறைப்படுத்திக்கொள்வதால் அதுவும் மிதக்கும். உடலின் மினுமினுப்பிற்கு மயிற்பீலியின் ஓரிழை போதும்.

மாமாவின் பெட்டியில் அவருடைய தந்தையார் காலத்து ஈ ஒன்று இருந்தது. அதன் பக்கத்தில் மெழுகுத் துளி போல ஒரு மஞ்சள் பொட்டு மின்னியது. அது நம் காடுகளில் வாழும் சாம்பல் காட்டுக்கோழிச் சேவலின் கழுத்து இறகாம்! ஒரு காலத்தில் இவ்விறகிற்காகவே எண்ணற்ற சேவல்கள் கொல்லப்பட்டு, இறகுகள் கப்பலேறின. 1972ஆம் ஆண்டின் வனவிலங்கு பாதுகாப்புச் சட்டம் இப்பறவைக்குக் காவலாய் அமைந்தது.

"எனக்கும் அப்படி ஓர் இறகு வேண்டும், மாமா" என்றேன்.

அவர் சிரித்துவிட்டு, "மீன் பறவையின் பெயரைக் கேட்பதில்லை, அம்மா! இறகு என்ன வேலை செய்கிறது என்று மட்டும் பார்" என்றார். பிறகு வீட்டுக்கோழியின் கறுப்பு இறகு ஒன்றில் எனாமல் வண்ணத்தால் மஞ்சள் பொட்டு வைத்துக் காட்டினார். சற்றுத் தொலைவிலிருந்து பார்த்தால் வேறுபாடு தெரியவில்லை.

"அசல் இறகுதான் வேண்டும்" என்னும் ஆசை எவ்வளவு தூரம் இழுத்துச் செல்லும்! 2009ஆம் ஆண்டில் இங்கிலாந்தின் டிரிங் நகர அருங்காட்சியகத்திலிருந்து 299 பறவைத் தோல்கள் திருடப்பட்டன. திருடியவர் ஈ கட்டும் கலையில் தேர்ந்த ஓர் இளைஞர். அறிவியலாளர் ஆராய்வதற்காக நூறாண்டுக்கும் மேலாகக் காக்கப்பட்ட தோல்களும் அவற்றுள் இருந்தன. பல தோல்களின் இறகுகள் பிய்த்து விற்கப்பட்டன.

ஊர் திரும்பியதும் சேலையூரில் பாட்டி வீட்டுக் கொல்லையில் உதிர்ந்து கிடந்த இறகுகளைப் பொறுக்கினேன். சோப்பு நீரில் கழுவி நிழலில் உலர்த்தினேன். அம்மா தூண்டில் முள்ளைத் தொட விடவில்லை. ஆகையால் மெல்லிய கம்பித் துண்டுகளில் இரண்டு ஈக்களைக் கட்டி வாளி நீரில் விட்டேன். சேவல் இறகு ஈ மிதந்தது. பெட்டை இறகு ஈ மெல்ல மெல்ல அமிழ்ந்தது. மாமா சொன்னது சரிதான்!

தோழியரே, நீங்களும் இதைச் செய்து பாருங்கள். கொல்லையில் உதிர்ந்த இறகே அந்த வேலையைச் செய்யும்போது காட்டுச் சேவல் ஏன் உயிரை இழக்க வேண்டும்? அது காட்டிலேயே கூவட்டும்.