எகிப்துக்குப் புறப்படுமுன்

பிழைப்பின் பொருட்டுப் பிற மாநிலங்களில் குடியேறி வாழும் நமக்கு, ஆண்டு விடுமுறை என்பது பெரும்பாலும் சொந்த ஊருக்கே உரியது. பெற்றோரைக் காணவும், குலதெய்வத்துக்குப் பொங்கலிடவும், உறவினர் வீட்டுத் திருமணங்களில் தலைகாட்டவுமே அவ்விடுமுறை போதாமற் போகிறது. அப்படியிருக்க, ஓராண்டு ஊர்ப்பயணத்தை ஒத்திவைத்து, சேமித்த பணத்தையும் கிடைத்த பத்து நாட்களையும் ஓர் அயல்நாட்டுக்கென ஒதுக்கத் துணிந்தோமாயின், அப்பயணம் செவ்வனே அமைதல் வேண்டும். விட்டதை மறுமுறை போய்ப் பார்த்துக்கொள்ளும் வசதி நம்மில் பலருக்கு வாய்ப்பதில்லை. அவ்வாறு வாழ்நாளில் ஒருமுறையேனும் காண வேண்டுமென்று பலரும் விரும்பும் நாடு எகிப்து. அந்நாட்டுக்குப் போகத் திட்டமிடுவது எங்ஙனம் என்பதை இங்கு ஆராய்வோம்.

முதலில் தேச வரைபடத்தைப் பார்ப்போம். எகிப்தின் பரப்பு ஏறத்தாழ 10 லட்சம் சதுர கிலோமீட்டர். ஆனால் அந்நாட்டு மக்களில் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து பேர் வாழ்வது நைல் நதியின் இரு கரைகளிலும் அதன் கழிமுகத்திலுமே. அது மொத்த நிலப்பரப்பில் இருபதில் ஒரு பங்குதான். மற்றவை பெரும்பாலும் பாலை. ஆகவே எகிப்தைச் சுற்றிப் பார்ப்பது என்பது உண்மையில் ஒரு நதியை ஒட்டிப் பயணம் செய்வதேயாகும். இதை மறந்துவிட்டு, பார்க்க வேண்டிய இடங்களின் பட்டியலை வைத்துக்கொண்டு அலெக்ஸாந்திரியாவுக்கு ஒரு நாள், செங்கடற்கரைக்கு ஒரு நாள், சீனாய் மலைக்கு ஒரு நாள் என்று பங்கிடுவோர் பத்து நாட்களில் பாதியை வண்டியிலேயே கழித்துவிடுகிறார்கள்.

நைல் தெற்கே தோன்றி வடக்கு நோக்கி ஓடுவது. ஆதலால் எகிப்தியர் 'மேல் எகிப்து' என்பது வரைபடத்தில் கீழே இருக்கும் தென்பகுதியை. 'கீழ் எகிப்து' என்பது மேலே இருக்கும் வடபகுதியை. இச்சொற்கள் முதலில் நம்மைக் குழப்பும். மேடு பள்ளத்தை நினைத்துக்கொண்டால் தெளிந்துவிடும். காற்றோ பெரும்பாலும் வடக்கிலிருந்து தெற்கே வீசுகிறது. படகோட்டி தெற்கே செல்லப் பாயை விரித்தான். வடக்கே திரும்பப் பாயைச் சுருட்டிவிட்டு நீரோட்டத்தை நம்பினான். ஒரு தேசத்தின் போக்குவரத்து முழுவதையும் இயற்கையே இவ்வளவு எளிதாக அமைத்துக் கொடுத்தது வேறெங்கும் அரிது. கெய்ரோவுக்கருகே மலைபோல் எழுந்த பிரமிடுகளுக்கு, தெற்கே சுமார் 800 கிலோமீட்டருக்கு அப்பாலுள்ள அஸ்வானிலிருந்து கருங்கல் வந்து சேர்ந்ததும் இந்நீர்வழியாகத்தான்.

நாமும் அவ்வாறே செய்யலாம். கெய்ரோவில் இறங்கி மூன்று நாள் தங்கி, இரவு ரயிலில் தெற்கே அஸ்வான் வரை சென்றுவிடுவது நலம். பன்னிரண்டு மணி நேரத்துக்கு மேற்பட்ட பயணம் அது. கிராண்ட் டிரங்க் எக்ஸ்பிரஸில் பழகியவர்களுக்கு அது ஒரு பொருட்டன்று. அஸ்வானிலிருந்து பின்னர் ஆற்றோட்டத்தோடு வடக்கே லக்ஸர் நகருக்குக் கப்பலில் இறங்கி வரலாம். இவ்விரு நகரங்களுக்கும் இடையே ஏறத்தாழ 215 கிலோமீட்டர். லக்ஸரிலிருந்து ஏறி வரும் கப்பல்கள் வழக்கமாக நான்கு இரவும், அஸ்வானிலிருந்து இறங்குபவை மூன்று இரவும் எடுத்துக்கொள்கின்றன. ஓர் இரவு மிச்சம். கட்டணமும் பெரும்பாலும் குறையும். வழியில் முதலைத் தெய்வமான சோபெக்குக்கும் பருந்துத் தெய்வமான ஹோரஸுக்கும் சரிபாதியாகப் பிரிக்கப்பட்ட கோம் ஓம்போ கோயிலும், கூரை முதல் மதில் வரை சிதையாமல் நிற்கும் எட்ஃபு கோயிலும் வந்து நிற்கும். எட்ஃபு கோயிலின் கோபுர வாயிலையும், முன்றிலையும், உள்ளே போகப்போக இருளும் கருவறையையும் காணும் தமிழர் எவருக்கும் அங்கே யாரும் வழிகாட்ட வேண்டியதில்லை. கால்களே வழி கண்டுகொள்ளும்.

அஸ்வானுக்குத் தெற்கே சுமார் 280 கிலோமீட்டரில் அபு சிம்பல் இருக்கிறது. விடியற்காலை நான்கு மணிக்கு வண்டி ஏறி, பாலை வழியே மூன்றரை மணி நேரம் செல்ல வேண்டும். களைப்பு அதிகமே எனினும் இதனை விட்டுவிடலாகாது. 1960-இல் தொடங்கி 1970-இல் முடிந்த அஸ்வான் உயர் அணையின் நீரில் மூழ்கவிருந்த இக்குடைவரைக் கோயிலை, 1964 முதல் 1968 வரை பாறை பாறையாக அறுத்தெடுத்து, சுமார் 65 மீட்டர் உயரத்தில் மறுபடி பொருத்தினார்கள். நுபியப் பகுதியின் பழமைகளைக் காக்கும் அம்முயற்சியில் நம் இந்தியத் தொல்பொருள் துறையும் 1961-62-இல் பி. பி. லால் தலைமையில் ஒரு குழுவை அனுப்பி அகழாய்வு செய்தது என்பது நாம் அறிந்திருக்க வேண்டிய செய்தி. ஆண்டுதோறும் பிப்ரவரி 22-லும் அக்டோபர் 22-லும் காலைக் கதிரவனின் ஒளி இக்கோயிலின் கருவறைவரை நீண்டு செல்லும். அவ்விரு நாட்களிலும் கூட்டம் சொல்லி முடியாது. முதியோரை அழைத்துச் செல்வோர் அந்நாட்களைத் தவிர்ப்பதே அறிவுடைமை.

இனிப் பருவம். அக்டோபர் பிற்பகுதி முதல் ஏப்ரல் தொடக்கம் வரையே நமக்கு ஏற்ற காலம். கோடையில் லக்ஸரிலும் அஸ்வானிலும் வெப்பம் 40 டிகிரியைத் தாண்டும். பள்ளி விடுமுறை என்பதற்காக மே மாதத்தில் குழந்தைகளோடு புறப்படுவது வீண் துன்பம். மார்ச்சு முதல் மே வரை 'கம்சீன்' என்னும் மணற்காற்று அவ்வப்போது வீசும். டிசம்பர், ஜனவரி இரவுகளிலோ குளிர் 10 டிகிரிக்குக் கீழே இறங்குவதுண்டு. டெல்லி வாசிகள் இதைக் கேட்டு நகைப்பார்கள், ஆனால் மும்பையிலும் கொச்சியிலும் வாழ்வோர் கம்பளிச் சட்டை எடுத்துச் செல்லத்தான் வேண்டும்.

பருவத்தோடு மற்றொன்றையும் சேர்த்து எண்ண வேண்டும். ரமலான் நோன்பு மாதம் ஆண்டுக்குப் பத்துப் பதினொரு நாட்கள் முன்னே நகர்ந்து வருவது. 2027-இல் அது பிப்ரவரி எட்டாம் நாளையொட்டியும், 2028-இல் ஜனவரி இறுதியையொட்டியும் தொடங்கும். 2030-இல் ஜனவரியில் ஒருமுறையும் டிசம்பரில் மறுமுறையுமாக இருமுறை வரும். அதாவது இனிவரும் சில ஆண்டுகளுக்கு நோன்பு மாதம் பயணத்துக்கு உகந்த குளிர்காலத்திலேயே விழுகிறது. அப்போது பழஞ்சின்னங்களை மாலையில் முன்னதாகவே மூடுவார்கள். பகலில் சிற்றுண்டிக் கடைகள் பல திறந்திரா. ஆயினும் நோன்பு திறந்தபின் கெய்ரோ வீதிகளில் ஒளிரும் விளக்குகளும் மக்களின் களிப்பும் வேறெப்போதும் காணக் கிடைப்பன அல்ல. எதை வேண்டுவது என்பது அவரவர் விருப்பம். அறியாமற் போய்ச் சேருவதுதான் தவறு.

இந்தியக் கடவுச்சீட்டு உடையோர் விசாவை முன்கூட்டியே பெற்றுக்கொள்வது நன்று. விதிகள் அடிக்கடி மாறுவன; ஆதலால் டெல்லியிலுள்ள எகிப்தியத் தூதரகத்தையோ மும்பையிலுள்ள துணைத் தூதரகத்தையோ கேட்டறிந்த பின்னரே விமானச் சீட்டு வாங்க வேண்டும். கடவுச்சீட்டு இன்னும் ஆறு மாதமேனும் செல்லுபடியாதல் அவசியம். குறைந்த கட்டணத்தை நாடி எத்தியோப்பியா வழியாகவோ கென்யா வழியாகவோ சென்று, அங்கே விமான நிலையத்தை விட்டு வெளியே தங்கும் எண்ணமிருந்தால் ஓர் எச்சரிக்கை. அவை மஞ்சள் காய்ச்சல் உள்ள நாடுகள். பத்து நாட்களுக்கு முன்னரே தடுப்பூசி போட்டு அதற்குரிய சான்றிதழைக் கையில் வைத்திராவிடில், தாயகம் திரும்பும்போது நம் விமான நிலையத்திலேயே ஆறு நாட்கள் வரை தனித்து வைக்கப்பட நேரும்.

பெற்றோருக்கான மருந்துகளை மருத்துவரின் சீட்டோடு எடுத்துச் செல்ல வேண்டும். 'டிரமடால்' கலந்த வலி நிவாரணிகளுக்கு எகிப்தில் கடுமையான கட்டுப்பாடு உண்டு. அதனைப் பெட்டியில் வைத்திருந்தோர் சிறை சென்றதும் உண்டு. மூட்டு வலிக்கென்று வீட்டில் எளிதாக வைத்திருக்கும் மாத்திரையின் பெயரை ஒருமுறை படித்துப் பார்த்துவிடுவது நல்லது. நதியைக் கண்டதும் மூழ்கி நீராடுவது நம் மரபு. நைலில் மட்டும் அம்மரபை ஒதுக்கி வைப்போம். நன்னீர் நத்தைகளின் வழியே பரவும் பில்ஹார்சியா என்னும் ஒட்டுண்ணி தோலைத் துளைத்தே உடலுள் நுழைவது.

கெய்ரோவில் பலர் ஏமாறுவது அருங்காட்சியகத்தில். முன்பு எல்லாம் ஒரே கட்டடத்தில் இருந்தன. இப்போது மூன்றாகப் பிரிந்துள்ளன. துத்தன்காமுன் மன்னனின் பொன்முகமூடியும் அவனுடைய கல்லறையிற் கிடைத்த ஐயாயிரத்துக்கு மேற்பட்ட பொருள்களும், 2025 நவம்பரில் முறைப்படி திறக்கப்பட்ட பேரருங்காட்சியகத்தில், கீசா பிரமிடுகளுக்கு அருகே உள்ளன. மன்னர்களின் பதப்படுத்திய உடல்கள் இருபத்திரண்டும் 2021 ஏப்ரலில் ஊர்வலமாகக் கொண்டு செல்லப்பட்டு ஃபுஸ்தாத் பகுதியிலுள்ள நாகரிக அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. தஹ்ரீர் சதுக்கத்தில் 1902-இல் திறந்த பழைய கட்டடமும் இன்னும் திறந்திருக்கிறது. துத்தன்காமுனின் உடலோ இவற்றில் எதிலும் இல்லை; லக்ஸரின் மேற்குக்கரையில் தன் கல்லறையிலேயே கிடக்கிறது. அங்குள்ள அரசர் பள்ளத்தாக்கில் பொதுச் சீட்டு மூன்று கல்லறைகளுக்கே செல்லும். அவனுடைய கல்லறைக்குத் தனிச் சீட்டு. பல முக்கிய இடங்களில் சீட்டுக்கு ரொக்கம் வாங்குவதில்லை, வங்கி அட்டை மட்டுமே. நம் வங்கி அட்டையை வெளிநாட்டுப் பயனுக்குத் திறந்து வைக்குமாறு புறப்படுமுன் ஏற்பாடு செய்யாதவர் வாயிலில் நின்று தவிப்பர்.

சைவ உணவினர் அஞ்ச வேண்டியதில்லை. அரிசி, மக்ரோனி, பருப்பு, கொண்டைக்கடலை, தக்காளிச் சாறு, பொரித்த வெங்காயம் இவற்றைச் சேர்த்த 'குஷாரி' வீதிதோறும் கிடைக்கும். மொச்சையைப் போன்றதொரு பயற்றை இரவெல்லாம் வேகவைத்த 'ஃபூல்' அவர்களுடைய காலையுணவு. அதே பயற்றை அரைத்துக் கீரை சேர்த்துப் பொரித்த 'தஅமியா' நம் வடைக்கு ஒன்றுவிட்ட தம்பி. 'முலூகியா' என்னும் கீரைக் குழம்பைக் கண்டு ஏமாறலாகாது. அது பெரும்பாலும் கோழி அல்லது முயல் இறைச்சிச் சாற்றில் கொதித்தது. அந்நாட்டுக் கிறிஸ்தவர்களான காப்டியர் ஆண்டில் இருநூறு நாட்களுக்கு மேல் இறைச்சியும் பாலும் முட்டையும் நீக்கி நோன்பிருப்பவர்கள். அவ்வுணவுக்கு 'சியாமி' என்று பெயர். இந்த ஒரு சொல் எத்தனையோ விளக்கங்களை மிச்சப்படுத்தும்.

அரபு மொழி கற்க நேரமில்லாவிடினும் அதன் பத்து இலக்கங்களைக் கற்றுக்கொள்ளலாம். விலைச்சீட்டிலும் ரயில் பெட்டியிலும் அவையே இருக்கும். வங்காளத்தில் குடியேறிய நம்மவர் அங்குள்ள நான்கை எட்டென்று படித்து வேறு பஸ்ஸில் ஏறிய கதை பல வீடுகளில் உண்டு. அங்ஙனமே எகிப்தில் பூச்சியம் போன்ற வட்டம் ஐந்து. ஏழு போலத் தோன்றுவது ஆறு. வெறும் புள்ளிதான் பூச்சியம். எழுத்துக்கள் வலமிருந்து இடம் செல்லினும் எண்கள் நம்மைப்போல் இடமிருந்தே செல்லும். இரண்டு நாள் மாலைப்பொழுது போதும், மனத்தில் பதிந்துவிடும்.

செங்கடற்கரையை விட்டுவிடச் சொன்னோம். தமிழர் என்ற முறையில் அது மனத்துக்கு இசையாததே. அங்குள்ள பெரனிகே துறைமுகத்தின் பழைய கோயில் முற்றத்தில் புதைந்த இந்தியச் சாடியில் 7.5 கிலோ மிளகு கிடைத்தது. குசைர் அருகே கிடைத்த ஓட்டில் 'பானை ஒறி' என்று தமிழ் பிராமியில் எழுதியிருந்ததை ஐராவதம் மகாதேவன் படித்தறிந்தார். உறியில் தொங்கவிட்ட பானையைத்தான் அது குறிக்கிறது. ஆனால் பெரனிகேயில் நிற்பது பெரும்பாலும் மணல் மேடும் அகழாய்வுக் குழிகளுமே. ஆய்வாளருக்கு அன்றிப் பிறருக்கு ஒரு நாளை அங்கே செலவிடுதல் தகாது. அந்த மிளகும் பன்னிரண்டு நாள் ஒட்டகத்தின் முதுகில் பாலை கடந்து, லக்ஸருக்குச் சற்று வடக்கேயுள்ள கோப்தோஸில் நைலை அடைந்து, பின்பு படகில் அலெக்ஸாந்திரியாவுக்கு இறங்கியது. நம் கப்பல் லக்ஸரில் நிற்கும்போது அவ்வழி நமக்கு வெகு தொலைவில் இல்லை.

திரும்பும் நாளில் விமானத்துக்கு முன் அரைநாள் மிஞ்சுமாயின், விமான நிலையம் இருக்கும் பக்கமாகவே ஹீலியோபோலிஸ் போர்க் கல்லறைத் தோட்டம் உள்ளது. முதல் உலகப் போரில் எகிப்திலும் பாலஸ்தீனத்திலும் உயிர்நீத்த ஏறத்தாழ நாலாயிரம் இந்திய வீரர்களின் நினைவுச்சின்னம் அங்கே இருக்கிறது. 1926-இல் சூயஸ் கால்வாயின் தென்முனையில் எழுப்பப்பட்ட அச்சின்னம் பின்னர் நிகழ்ந்த போர்களில் சிதைந்துவிடவே, அதற்கு மாற்றாக 1980-இல் இத்தோட்டத்தில் புதிய நினைவுச்சின்னம் திறந்துவைக்கப்பட்டது. வாடகை வண்டிக்காரரிடம் இடத்தின் பெயரை அரபியில் எழுதி வாங்கி வைத்துக்கொண்டால், அங்கு சென்று வணங்கிவிட்டு நேரே விமான நிலையம் போய்ச் சேரலாம்.