விடுதிக்காரரின் பொறுப்பு

வழிப்பயணத்தில் ஒரு விடுதியில் தங்குகிற மனிதன், தன் உயிரையும் உடைமையையும் முன்பின் அறியாத ஒருவரிடம் ஒப்படைத்துவிட்டுக் கண்ணயர்கிறான். தன் அறைக்கு மாற்றுச் சாவி யாரிடம் இருக்கிறது, அடுத்த அறையில் இருப்பவர் யார், மாடிப்படி எங்கே போய் முடிகிறது என்பதெல்லாம் அவனுக்குத் தெரியாது, விடுதிக்காரருக்குத் தெரியும். ஆதலால்தான் சட்டம் தொன்றுதொட்டு விடுதிக்காரரிடம் சற்றுக் கண்டிப்பாகவே நடந்து வந்திருக்கிறது.

ரோமாபுரியில் கப்பல்காரர், விடுதிக்காரர், லாயக்காரர் ஆகிய மூவரும், பிறரிடமிருந்து ஏற்றுக்கொண்ட பொருளைப் பத்திரமாகத் திருப்பித் தர வேண்டும் என்று நீதியதிகாரிகள் கட்டளையிட்டிருந்தனர். ஆறாம் நூற்றாண்டில் ஜஸ்டினியன் சக்கரவர்த்தி தொகுப்பித்த சட்டக் களஞ்சியத்தில் அக்கட்டளையும் அதற்குரிய காரணமும் காணப்படுகின்றன. இவர்கள் திருடரோடு உடன்பட்டுப் போவதைத் தடுக்க வேறு வழியில்லை என்பதே அந்தக் காரணம். விடுதிக்காரரைப் பற்றி ரோமானியர் கொண்டிருந்த எண்ணம் அவ்வளவு உயர்ந்ததன்று!

1584-ஆம் ஆண்டில் இங்கிலாந்தில் தீர்ப்பான ஒரு வழக்கு குதிரையைப் பற்றியது. தங்க வந்தவர் தம் குதிரையை மேய்ச்சலுக்கு விடும்படி தாமே கேட்டுக்கொண்டு, அது அங்கே களவு போனால் விடுதிக்காரர் பொறுப்பல்லர். அவர் கேளாமலே விடுதிக்காரர் தம் விருப்பப்படி குதிரையைப் புல்வெளிக்கு ஓட்டிவிட்டிருந்தால், இழப்புக்கு அவரே விடை சொல்ல வேண்டும். குதிரை யார் வசத்தில் இருந்தது, யார் சொல்லி அங்கே போயிற்று என்பவையே கேள்விகள்.

நானூறு ஆண்டுகளுக்குப் பின் அதே கேள்விகள் நம் நாட்டில் ஒரு மோட்டார் வண்டியைப் பற்றி எழுந்தன. 1998 ஆகஸ்டில் ஓர் இரவு, தில்லியிலுள்ள பெரிய ஹோட்டல் ஒன்றுக்கு ஒருவர் தம் காரில் வந்தார். வாயிலில் நின்ற ஊழியரிடம் சாவியைக் கொடுத்துச் சீட்டைப் பெற்றுக்கொண்டு உள்ளே சென்றார். வண்டிக்கு நேரும் இழப்புக்கு ஹோட்டல் பொறுப்பல்ல என்ற பொருளில் அந்தச் சீட்டில் ஒரு வாசகம் அச்சிடப்பட்டிருந்தது. நள்ளிரவுக்குப் பின் அவர் வெளியே வந்தபோது வண்டி இல்லை. வேறொரு வண்டியில் வந்திருந்த மூன்று இளைஞர்களுள் ஒருவர், மேசையிலிருந்த சாவியை எடுத்து, காவலாளி தடுக்க முயன்றும் கேளாமல், அதை ஓட்டிக்கொண்டு போய்விட்டார்.

வண்டியை இன்ஷூர் செய்திருந்த கம்பெனி உடைமையாளருக்கு 2,80,000 ரூபாய் கொடுத்தது. கதை அதோடு முடியவில்லை. இழப்பீடு கொடுத்து முடித்த கம்பெனிக்கு, இழந்தவருக்குரிய உரிமை வந்து சேர்கிறது. இழப்புக்குக் காரணமானவரிடம் அந்தத் தொகையை அது கேட்கலாம். இங்கே கம்பெனியும் வண்டிக்காரரும் சேர்ந்து ஹோட்டலின் மீது முறையிட்டனர். வழக்கு படிப்படியாக ஏறி, 2019 நவம்பரில் உச்ச நீதிமன்றத்தில் ஹோட்டலுக்கு எதிராக முடிந்தது.

அத்தீர்ப்பின் நியாயத்தை மாணவர்கள் கவனித்துப் பார்க்க வேண்டும். சாவியை வாங்கி, வண்டியை எங்கோ நிறுத்தி, சீட்டைக் காட்டினால் திருப்பித் தருவதாக ஹோட்டல் ஏற்றுக்கொண்ட கணத்தில், வண்டி அதன் பாதுகாப்புக்கு உட்பட்டுவிட்டது. 1872-ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டம், பிரிவு 151-இல், இவ்வாறு பிறர் பொருளை ஏற்றவர் காட்ட வேண்டிய கவனத்தின் அளவைக் கூறுகிறது: சாதாரண விவேகமுள்ள ஒருவர் தமக்குச் சொந்தமான அத்தகைய பொருளிடம் காட்டும் கவனமே அது. அந்தக் கவனத்தைக் காட்டினோம் என்று மெய்ப்பிக்கும் சுமை ஹோட்டலையே சார்ந்தது. எவர் கைக்கும் எட்டும்படி சாவியை வைத்திருந்தவர்கள் அதை எப்படி மெய்ப்பிப்பது? தம் அசட்டைக்குத் தாமே பொறுப்பல்ல என்று அச்சிட்டு ஒருவர் தப்பித்துக்கொள்ள முடியாது என்றும் நீதிமன்றம் கூறியது. எனினும், குற்றமிருப்பினும் இல்லாவிடினும் விடுதிக்காரரே பொறுப்பு என்ற பழைய கடுமையை அது ஏற்கவில்லை; தக்க கவனம் எடுத்ததைக் காட்டக்கூடியவருக்கு வழி திறந்தே இருக்கிறது. எனக்கு இது நியாயமாகவே தோன்றுகிறது.

இனி ஹோட்டல் நடத்துவோர் தமக்காக எடுக்கும் இன்ஷூரன்ஸைப் பார்ப்போம். கட்டடம் எரிந்தால் பணம் தரும் தீ இன்ஷூரன்ஸ் வேறு. பொறுப்பு இன்ஷூரன்ஸ் வேறு. முன்னது தம் இழப்புக்கு. பின்னது, ஈரத் தரையில் வழுக்கி விழுந்தவருக்கும், கெட்ட உணவால் நோயுற்றவருக்கும், மின்தூக்கியில் அடிபட்டவருக்கும் சட்டப்படி தாம் கொடுக்க நேரும் ஈட்டுக்கு. இந்தப் பாலிசியில் ஒரு விபத்துக்கு இவ்வளவு, ஓராண்டு முழுவதற்கும் இவ்வளவு என்று இரண்டு வரம்புகள் இருக்கும். வரம்புக்கு மேற்பட்டது ஹோட்டலின் கைப்பணம். வேண்டுமென்றே செய்த தீங்குக்கு ஈடு கிடையாது. மேலும், ஹோட்டலின் காவலிலேயே இருக்கும் பிறர் பொருளைப் பொதுவான பாலிசி பெரும்பாலும் விலக்கிவிடும். அதற்குத் தனியே கேட்டுச் சேர்த்துக்கொள்ள வேண்டும். தில்லி வண்டி போன்றவை சரியாக இந்த இடைவெளியில்தான் விழுகின்றன. பாலிசியைப் பெட்டியில் பூட்டுமுன் ஒரு முறை படிப்பவர் எத்தனை பேரோ!

ஆனால் இன்ஷூரன்ஸ் பணத்தைத் தரும்; தீயை அணைக்காது. அமெரிக்காவில் லாஸ் வேகாஸ் நகரத்து எம்ஜிஎம் கிராண்ட் ஹோட்டலில் 1980 நவம்பர் 21 அன்று காலை, கீழ்த்தளத்துச் சிற்றுண்டிச்சாலை ஒன்றில் மின்கோளாறால் தீப்பற்றியது. 80-க்கும் மேற்பட்டோர் மாண்டனர். அவர்களுள் மிகப் பெரும்பாலோர் தீயைக் கண்ணால்கூடக் காணாதவர்கள். படிக்கட்டு, மின்தூக்கிக் கூடம், காற்றுக் குழாய்கள் வழியே மேல்மாடிகளுக்கு ஏறிய புகையே அவர்களைக் கொன்றது. தீப்பற்றிய இடத்தில், வெப்பம் ஏறினால் தானே நீர் சொரியும் குழாய்கள் இல்லை. அச்சாலை இரவும் பகலும் திறந்திருக்கும், தீயை எவரேனும் உடனே கண்டுவிடுவர் என்று கருதி விலக்கு அளித்திருந்தார்கள். பிறகு வியாபார நேரத்தைக் குறைத்தார்கள். விலக்கு மட்டும் அப்படியே நின்றுவிட்டது. அன்று காலை அங்கே ஒருவரும் இல்லை.

அப்போது ஹோட்டலுக்கு இருந்த பொறுப்பு இன்ஷூரன்ஸ் 3 கோடி டாலர். தீ அணைந்த பின்னர், நடந்துவிட்ட அதே விபத்துக்காக மேலும் 17 கோடி டாலருக்கு அது பாலிசி வாங்கியது! விற்றவர்களும் கணக்குத் தெரிந்தவர்களே. வழக்குகள் தீரப் பல ஆண்டுகள் ஆகும், அதுவரை பிரீமியத் தொகை வட்டி ஈட்டும் என்பது அவர்கள் கணக்கு. ஹோட்டல் விரைவில் சமரசம் செய்து வழக்குகளை முடிக்கவே, கணக்குத் தவறியது. கம்பெனிகள் பணம் தர மறுத்து, அதுவும் ஒரு வழக்காயிற்று. இதற்கிடையில், 1981-இல் நெவாடா மாநிலச் சட்டமன்றம், ஏற்கெனவே கட்டி முடிந்த உயரமான ஹோட்டல்களிலும் நீர்சொரி குழாய்களைப் பொருத்தியே ஆக வேண்டும் என்று சட்டம் இயற்றியது.