கதிரியக்கத்தை அளக்கும் அலகுகள்: கேரளக் கடற்கரை தரும் பாடம்

திருவனந்தபுரத்திற்கு வடக்கே, கொல்லம் மாவட்டத்தின் நீண்டகரை, சவரா ஆகிய கடற்கரையூர்களில் கருமணல் மிகுதியாகக் காணப்படுகின்றது. அம்மணலிலுள்ள மோனசைட் என்னும் கனிமத்தில் தோரியம் அடங்கியுள்ளது. தோரியம் கதிரியக்கமுடையது. தலைமுறை தலைமுறையாக மக்கள் அம்மணலின் மீதே வாழ்ந்து வருகின்றனர். இம்மண் தமக்குத் தீங்கு விளைக்குமோ என்று அவர்கள் வினவினால், விடை கூறுவோர் எதனை எந்த அலகால் அளக்கின்றோம் என்பதை முதலில் தெளிதல் வேண்டும்.

பொருளில் நிகழும் சிதைவை அளப்பது பெக்கரல். விநாடிக்கு ஓர் அணுக்கரு சிதைவது ஒரு பெக்கரல் ஆகும். முன்னர் பெரிதும் வழங்கிய கியூரி, 3,700 கோடி பெக்கரலுக்குச் சமம். ஒரு கிராம் தோரியத்தில் விநாடிக்குச் சுமார் 4,000 அணுக்கருக்கள் சிதைகின்றன. எண் பெரிதாகத் தோன்றினும், இது கியூரியில் ஏறத்தாழக் கோடியில் ஒரு பங்கே.

உடல் ஏற்கும் ஆற்றலை அளப்பது கிரே. ஒரு கிலோகிராம் பொருள் ஒரு ஜூல் ஆற்றலை ஏற்பின் அஃது ஒரு கிரே. அதாவது 100 ராட். ஆல்பா, காமா முதலிய கதிர்களின் தீங்கு வேறுபடுவதால், அதனையும் கருதிக் கணக்கிடும் அலகு சீவர்ட். அது 100 ரெம்முக்குச் சமம். பெக்கரலும் கிரேயும் 1975-ஆம் ஆண்டிலும், சீவர்ட் 1979-ஆம் ஆண்டிலும் அனைத்துலக அலகுகளாக ஏற்கப்பட்டன.

மணலின் கதிரியக்கம் வேறு, மனிதன் ஏற்கும் அளவு வேறு. இக்கடற்கரையில் சில இடங்களில் வெளிப்புற அளவு ஆண்டுக்கு 70 மில்லிகிரே வரை உள்ளது. ஆயினும் ஆண்டு முழுவதும் அவ்விடத்திலேயே நிற்பவர் எவருமிலர். ஆதலின் திருவனந்தபுரம் மண்டலப் புற்றுநோய் மையத்தின் ஆய்வாளர்கள், கருநாகப்பள்ளி வட்டாரத்தில் வீட்டின் உள்ளும் புறமும் அளந்து, மக்கள் அங்கங்கே கழிக்கும் நேரத்தையும் கணக்கிட்டனர். 69,958 பேரைச் சராசரியாகப் பத்தரை ஆண்டுகள் தொடர்ந்து கவனித்ததில் 1,379 பேருக்குப் புற்றுநோய் காணப்பட்டது. ஏற்ற கதிரளவு கூடியதற்கேற்ப நோய் மிகுந்ததாகத் தெரியவில்லை என்று 2009-இல் வெளியான முடிவுகள் கூறின.

இதனைக் கொண்டு எல்லாக் கதிரும் தீங்கற்றது எனக் கருதலாகாது. அளவு மிகின் தீங்கு உண்டு. ஆகவே, ஓர் எண்ணைக் கேட்டவுடன் அஞ்சாமலும் அலட்சியம் செய்யாமலும், அதன் அலகு யாது, அது மணிக்கா ஆண்டுக்கா, அளக்கப்பட்டது மணலா மனிதனா என்று வினவுதல் களப்பணியாளர்க்கும் ஆசிரியர்க்கும் கடமையாகும்.