லாச்சப்பல் கடைத்தெரு – 9: கண்ணாடி மேல் வைக்கிற தாள்

ஊரிலிருந்து வரும் பழைய பிறப்புச் சான்றிதழ்கள் பல ஏ4 தாளைவிட நீளமானவை. ஏ4 தாளின் நீளம் 297 மில்லிமீற்றர். ஆங்கிலேயர் காலத்து அலுவலக வழக்கப்படி அச்சான படிவம் அதையும் தாண்டி இரண்டு விரற்கடை கீழே இறங்கும். பதிவாளரின் கையொப்பமும் சீலும் தேதியும் பெரும்பாலும் அந்த அடிப்பகுதியில்தான் இருக்கும். ஏ4 அளவுக் கண்ணாடி மட்டுமே உள்ள மெஷினில் அதை வைத்துப் பொத்தானை அழுத்தினால் பிள்ளையின் பெயர் விழும், தாய் தகப்பன் பெயர் விழும், சீல் விழாது.

போன வாரம் தொலைபேசி அட்டைக் கடைகளைப் பார்த்தோம். அப்படியான கடைகளின் பின்பக்கத்திலும் மாடியிலும் இன்னொரு தொழில் நடக்கிறது. மொழிபெயர்ப்பு, படிவம் நிரப்புதல், பயணச்சீட்டு, கொப்பி எடுத்தல், அழைப்பிதழும் மரண அறிவித்தலும் அச்சடித்தல். பாரிஸின் கார் து நோர் நிலையத்துக்கும் லாச்சப்பல் மெத்ரோவுக்கும் இடையில், ஃபோபூர் சென் தெனி வீதி, காய் வீதி, பெர்தொனே வீதி என்று நீளும் நம் கடைத்தெருவில் இவை ஒரு மேசை, ஒரு கணினி, ஒரு கொப்பி மெஷினோடு இயங்கும் சின்ன அலுவலகங்கள். மெஷின் விற்க வருகிறவர் நிமிடத்துக்கு எத்தனை பக்கம் என்பதில்தான் பேச்சைத் தொடங்குவார். நான் முதலில் கேட்கச் சொல்வது வேறு: உங்கள் கதவைத் திறந்துகொண்டு வருகிறவர் கையில் என்ன தாள் இருக்கிறது?

லாச்சப்பலில் அந்தத் தாள் சாதாரணமானதல்ல. 1952இல் உருவான ஒப்ரா என்ற அகதிகள் அலுவலகம் இன்று ஃபோந்தனே-சூ-புவாவில் இருக்கிறது. வழக்கமான முறையில் தஞ்சம் கேட்பவர் படிவம் கைக்கு வந்த நாளிலிருந்து 21 நாளுக்குள் தன் கதையைப் பிரெஞ்சில் எழுதி, ஆதாரங்களோடு அங்கே அனுப்ப வேண்டும். மறுக்கப்பட்டால், மோந்த்ரோயில் இருக்கும் தஞ்ச நீதிமன்றத்துக்குப் போக ஒரு மாதம். அகதியாக ஏற்கப்பட்டவர் தன் நாட்டு அலுவலகங்களை நாட முடியாதென்பதால், அவருடைய பிறப்புச் சான்றையும் திருமணச் சான்றையும் ஒப்ராவே ஆக்கிக் கொடுக்கிறது. கொப்பியில் 3 என்பது 8 போலத் தெரிந்து, அது மொழிபெயர்ப்பில் ஏறி, அங்கிருந்து ஒப்ராவின் சான்றிலும் ஏறிவிட்டால், பிறகு வேலை, ஓய்வூதியம், பிள்ளையின் குடியுரிமை எல்லாவற்றிலும் அந்த 8 கூடவே வரும். திருத்தலாம். திருத்த எத்தனை கடிதம், எத்தனை மாதம் என்று அனுபவித்தவர்களைக் கேளுங்கள்.

ஆகவே வேகம் குறைந்தாலும் பரவாயில்லை, ஏ3 கண்ணாடி உள்ள மெஷினை எடுங்கள். நீளப் படிவம் முழுதாக விழும். ஏ4க்குள் அடக்க வேண்டுமென்றால் 80 விழுக்காட்டுக்குச் சுருக்கிக்கொள்ளலாம். ‘தம்பி, சீல் விளங்கேல்லை, இன்னொருக்கா எடும்’ என்று ஒரு அம்மா சொன்னால் அவர் சொல்வது சரியாகத்தான் இருக்கும். மெஷினை ‘எழுத்து’ என்ற நிலையில் விட்டால், அது வெளிறிய நிறத்தையெல்லாம் அழுக்கென்று எடுத்து வெள்ளையாக்கிவிடும். நம் சான்றிதழ்களில் அடிக்கும் சீல் நீலமோ ஊதாவோ. அதை ‘எழுத்தும் படமும்’ என்ற நிலையில் எடுக்க வேண்டும். முடிந்தால் நிறத்தில் எடுக்க வேண்டும். செலினியம் பூசிய உருளையோடு வந்த பழைய மெஷின்களில் நீலம் இன்னும் மோசமாக விழும். அந்த உருளை நீல ஒளியைத்தான் நன்றாக உணரும். ஆகவே நீல மையையும் வெள்ளைத் தாளையும் அது ஏறக்குறைய ஒன்றாகவே பார்த்தது.

மேலே தாளை இழுத்துக்கொள்ளும் தட்டு ஒன்று இருக்கிறதே, அதில் பழைய மூலப் பத்திரத்தை ஒருபோதும் வைக்காதீர்கள். நாலாக மடித்து, மடிப்பில் கிழிந்து, செலோ டேப் ஒட்டிய தாளை உள்ளே இருக்கும் ரப்பர் உருளைகள் இழுத்தால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை. இடம்பெயர்ந்து இடம்பெயர்ந்து காப்பாற்றிய தாள் அது. கையால் கண்ணாடியில் வையுங்கள். கொப்பிகளையும் புதிய தாள்களையும் மட்டும் தட்டில் போடுங்கள். அப்படிப் போடும்போது பக்கம் முழுக்க நெடுகிலும் ஒரு கறுப்புக் கோடு விழுந்தால் ரோனரைக் குறை சொல்ல வேண்டாம். பெரிய கண்ணாடிக்குப் பக்கத்தில் ஒரு விரல் அகலத்தில் இன்னொரு கண்ணாடிப் பட்டி இருக்கும். தட்டிலிருந்து வரும் தாள் அதன்மேல்தான் ஓடுகிறது. ஓடுவது தாள், அசையாமல் நிற்பது விளக்கு. ஆகவே அந்தப் பட்டியில் ஒட்டிய ஒரு பொட்டு அழுக்கு முழு நீளக் கோடாகிறது. நூல் உதிராத துணியில் கொஞ்சம் ஐசோபுரோப்பைல் அல்கஹோல் நனைத்து, மெஷினை நிறுத்திவிட்டுத் துடைத்தால் போதும். இதற்கென்று மெக்கானிக்கைக் கூப்பிட்டுக் காசு கொடுப்பது வீண்.

இனி, மங்கிப்போகும் தாள். 1980களிலும் 90களிலும் ஊரிலிருந்து கடிதங்களும் சான்றுகளும் பாக்ஸில் வந்தன. அன்றைய சாதாரண பாக்ஸ் மெஷின் மை போட்டு அச்சடிக்கவில்லை. சூடு பட்டால் கறுக்கும் இரசாயனம் பூசிய சுருள்தாளைச் சுட்டு எழுத்தை வரவழைத்தது. அந்தத் தாள் வெளிச்சத்திலும் சூட்டிலும் மங்கும். சில வகைப் பிளாஸ்டிக் உறைக்குள் பத்திரமாக வைத்தால் இன்னும் வேகமாக மங்கும். செலோ டேப் ஒட்டிய இடம் முதலில் போகும். பெட்டியடியில் இன்னும் அப்படி ஒன்று இருந்தால் இன்றே சாதாரணத் தாளில் கொப்பி எடுத்து, கணினியிலும் ஸ்கான் செய்து வையுங்கள். கண்ணாடியில் வைத்து எடுப்பதால் அதற்குக் கெடுதலில்லை. ஆனால் தாள் போகும் இழுப்பறையில் தவறிப்போய் அது அகப்பட்டு, ரோனரை உருக்கும் சூட்டு உருளைக்குள் போனால் கரிக்கட்டையாக வெளியே வரும்.

பாக்ஸ் என்ற எண்ணத்துக்கே பாரிஸ் பழைய ஊர் என்பதை இங்கே சொல்லாமல் போக மனமில்லை. ஜொவான்னி கசெல்லி என்ற இத்தாலியப் பாதிரியார் கண்டுபிடித்த பான்டெலிகிராஃப், 1865இல் பாரிசுக்கும் லியோனுக்கும் இடையே தந்திக் கம்பி வழியாகக் கையெழுத்தை அனுப்பத் தொடங்கியது. ஆளுயரத்தையும் தாண்டிய வார்ப்பிரும்புச் சட்டம், அதில் ஊசலாடும் ஊசல். மின்சாரம் கடத்தாத மையால் உலோகத் தகட்டில் எழுதுவார்கள். மறுமுனையில் இரசாயனத்தில் நனைத்த தாளில் அது நீலமாக விழும். கையொப்பத்தை உள்ளபடியே இன்னொரு ஊருக்கு அனுப்பலாம் என்பதுதான் அதன் பெருமை. கையொப்பம் அழியாமல் போய்ச் சேரவேண்டும் என்ற கவலை அன்றே இந்த நகரத்தில் இருந்திருக்கிறது.

விசைப்பலகைக்கு வருகிறேன். தமிழ் ரைப் படித்த எவருக்கும் நடுவரிசை மனப்பாடம்: ய, ள, ன, க, ப, பிறகு அரவு, பிறகு த, ம, ட, கடைசியில் புள்ளி. ஈழத்தவர் அலுவலகங்களில் ஊன்றிவிட்ட பாமினி எழுத்துரு இந்த வரிசையை ஆங்கில விசைகளின்மேல் அப்படியே வைத்தது. ஏ விசைக்கு ய, எம் விசைக்கு அ, அரைப்புள்ளி விசைக்கு மெய்யெழுத்தின் புள்ளி. இலங்கையிலோ இந்தியாவிலோ கற்றவருக்கு இதில் சிக்கலில்லை. பிரான்சில் கடையில் கிடைப்பது அசெர்ட்டி விசைப்பலகை. இதில் ஏ இருந்த இடத்தில் கியூ, இசட் இருந்த இடத்தில் டபிள்யூ. ஆகவே யகரம் மேல்வரிசைக்குப் போய், அதன் இடத்துக்கு ஙகரம் வந்துவிடும்; றகரமும் ணகரமும் இடம் மாறிக்கொள்ளும். வலது கைப் பக்கம் இன்னும் மோசம். புள்ளி இருந்த இடத்துக்கு அ வருகிறது, அ இருந்த இடத்துக்கு இ வருகிறது, இ இருந்த இடத்துக்குப் புள்ளி போகிறது. தமிழில் அதிகம் அடிக்கும் விசைகளில் ஒன்று புள்ளி. அது சின்ன விரலை விட்டுக் கீழ்வரிசைக்கு இறங்கிவிட்டால் பத்து வருடப் பழக்கமும் கைகொடாது. ‘அம்மா’ என்று அடிக்கப்போனால் இகரத்தில் தொடங்கும்.

இதற்கு இரண்டு வழி. விரல் பழகியவர் கணினியின் மொழி அமைப்பில் அமெரிக்க விசையமைப்பையும் சேர்த்துக்கொண்டு, தமிழுக்கு அதையும் பிரெஞ்சுக்கு அசெர்ட்டியையும் மாற்றி மாற்றிப் பாவிக்கலாம். விசையில் அச்சிட்டிருக்கும் எழுத்தை அப்போது பார்க்கவே கூடாது. பார்த்துப் பார்த்து அடிப்பவருக்கு என் ஆலோசனை, தமிழ் வேலைக்கென்று தனியாக ஒரு அமெரிக்க விசைப்பலகை வாங்கிச் செருகிவிடுவது. பெரிய செலவில்லை. எதில் அடித்தாலும் யூனிகோடில் சேமியுங்கள். பாமினியில் அடித்த மரண அறிவித்தலை அந்த எழுத்துரு இல்லாத கணினியில் திறந்தால், ஆளின் பெயர் இருந்த இடத்தில் ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியுமாகக் குவிந்து கிடக்கும்.

பராமரிப்பில் நம் தெருவுக்கே உரிய இரண்டு தொல்லைகள். பாரிஸ் கடைகளுக்குக் கீழே நிலவறை உண்டு. இடம் போதாதென்று தாள் பெட்டிகளை அங்கேதான் இறக்குகிறோம். தாள் ஈரத்தை உறிஞ்சும், சுருளும், சூட்டு உருளையில் சிக்கும். அன்றன்றைக்குத் தேவையான கட்டை முதல்நாளே மேலே கொண்டுவந்து, உறை பிரிக்காமல் வையுங்கள். இரண்டாவது, பக்கத்துச் சமையலறை. கொத்துரொட்டிக் கல்லின் எண்ணெய்ப் புகை கண்ணாடியிலும் காற்றாடியிலும் படியும், தூசி அதில் ஒட்டும். மெஷினை அந்தச் சுவரை விட்டுத் தள்ளி வைக்க வேண்டும். ரோனர் கொட்டினால் வெந்நீர் ஆகாது. அது பிளாஸ்டிக் தூள், இளகி ஒட்டிக்கொள்ளும். வீட்டுத் தூசி உறிஞ்சியும் ஆகாது, அதன் வடிகட்டியில் நிற்காமல் காற்றில் பறக்கும். ஈரத்துணியும் குளிர்நீரும் போதும்.

ஒப்பந்தத்தில்தான் நம்மவர் அதிகம் அடிபடுகிறார்கள். பெரிய மெஷினைப் பெரும்பாலானோர் வாடகைக்கே எடுக்கிறோம். 21 காலாண்டு, அதாவது 63 மாதம் என்று எழுதியிருக்கும். பக்கக் கட்டணம் தனி, நிறப் பக்கத்துக்கு வேறு விலை, முடிவுத் தேதிக்குப் பல மாதம் முன்பே பதிவுத் தபாலில் எழுதாவிட்டால் தானாக நீளும் என்று சிறிய எழுத்தில் ஒரு வரி. கையெழுத்திடுமுன் அந்தத் தேதியைக் கலண்டரில் குறியுங்கள். இன்னொன்று பலருக்குத் தெரியாது. 2014 மார்ச் 17ஆம் தேதியச் சட்டத்தின்படி, ஐந்து பேருக்கு மேல் வேலையாட்கள் இல்லாத சிறு நிறுவனம், விற்பனையாளர் கடைக்கே வந்து எழுதிய ஒப்பந்தத்தை 14 நாளுக்குள் காரணம் சொல்லாமல் முறிக்கலாம். ஒப்பந்தப் பொருள் அதன் முதன்மைத் தொழிலுக்கு உட்பட்டதாக இருக்கக்கூடாது. அந்த உரிமையைச் சொல்லாமல் மறைத்திருந்தால் காலக்கெடு இன்னும் 12 மாதம் நீளும். பயணச்சீட்டு விற்பவருக்குக் கொப்பி மெஷின் முதன்மைத் தொழிலா என்ற கேள்வியில் நீதிமன்றங்கள் வரை வழக்குகள் போயிருக்கின்றன. ஆகவே பதினாலு நாளுக்குள் ஒப்பந்தத்தை ஒரு சட்டத்தரணியிடம் காட்டிவிடுங்கள்.

மெஷினைத் திருப்பிக் கொடுக்கும் நாளைப் பற்றி யாரும் பேசுவதில்லை. இன்றைய பெரிய கொப்பி மெஷின்கள் பலவற்றுக்குள் ஹார்ட் டிஸ்க் இருக்கிறது. எடுத்த பக்கங்களின் படம் அதில் தங்கலாம். அமெரிக்காவில் அஃபினிட்டி என்ற மருத்துவக் காப்பீட்டு நிறுவனம் வாடகை மெஷின்களின் டிஸ்க்கை அழிக்காமல் திருப்பிக் கொடுத்தது. 3 இலட்சத்து 40 ஆயிரத்துக்கும் மேற்பட்டோரின் விபரங்கள் வெளியே போயிருக்கலாம் என்று கணக்கிடப்பட்டு, 2013இல் 12 இலட்சம் டொலருக்கு மேல் கட்ட நேர்ந்தது. நம் மெஷினுக்குள் இருப்பது தஞ்சக் கதைகள்: யார் யாரைப் பிடித்தார்கள், எந்த முகாமில் வைத்திருந்தார்கள், ஊரில் இன்னும் இருக்கும் தம்பியின் முகவரி என்ன என்ற விபரங்கள். 2018 மே 25 முதல் நடைமுறையில் இருக்கும் ஐரோப்பியத் தரவுப் பாதுகாப்புச் சட்டம் ஒரு மேசை அலுவலகத்தையும் கட்டுப்படுத்தும். வாங்கும்போதே டிஸ்க்கில் இருப்பது பூட்டப்படுகிறதா, ஒவ்வொரு வேலைக்குப் பின்னும் தானாக அழிகிறதா என்று கேளுங்கள். அந்த வசதி இருந்தால் முதல் நாளே திறந்துவிடுங்கள். கொடுக்கும் நாளில் மெக்கானிக் முன்னாலேயே டிஸ்க்கை அழிக்கச் சொல்லி, மெஷின் எண்ணும் தேதியும் போட்ட அழிப்புச் சான்றிதழை எழுத்தில் வாங்கி, ஒப்பந்தத்தோடு சேர்த்து வையுங்கள்.

(அடுத்த வாரம்: அழைப்பிதழ் அச்சகங்கள்)