வல்லாரை
சிங்களத்தில்: கொட்டுகொல
தாவரப் பெயர்: சென்டெல்லா ஏசியாட்டிகா
குடும்பம்: கொத்தமல்லி, சீரகம், கரட் ஆகியவற்றின் குடும்பம்

கண்டி–மாத்தளை வீதியில் அமைந்த அக்குறணையின் ஊடாகப் பிங்கா ஓயா ஓடுகிறது. இத்தகைய ஓடைக்கரைகளும் வயல் வரப்புகளும் வல்லாரைக்கு உகந்த ஈரநிலங்கள். தரையோடு படரும் தண்டு, கணுதோறும் வேர்விட்டுப் புதுச் செடியாகிறது. இளஞ்சிவப்புப் பூக்கள் மிகச் சிறியவை. இலைகளுக்கு அடியில் மறைந்திருப்பதால், குனிந்து விலக்கிப் பார்த்தால்தான் தெரியும்.

1753இல் லின்னேயஸ் இதற்கு அறிவியல் பெயரிட்டார். இன்றைய பெயர் 1879இல் வந்தது. சித்த, ஆயுர்வேத மருத்துவர்கள் நினைவாற்றலுக்கும் தோல் நோய்களுக்கும் இதைக் கொடுத்து வந்துள்ளனர். இலையிலுள்ள ஆசியாட்டிகோசைடு என்னும் பொருள் இன்று காயம் ஆற்றும் களிம்புகளில் சேர்க்கப்படுகிறது.

இப்பகுதி வீடுகளில் இது மருந்தைவிடக் கறிக்கே அதிகம் பயன்படுகிறது. பொடியாக அரிந்து தேங்காய்ப்பூ, சின்ன வெங்காயம், பச்சைமிளகாய், தேசிக்காய்ச் சாறு சேர்த்தால் சம்பல். இலைச்சாற்றில் காய்ச்சும் காலைக் கஞ்சிக்குக் கித்துள் கருப்பட்டியே பொருத்தமான துணை. வடிகாலோரம் முளைத்ததைப் பறிக்க வேண்டாம். மற்றதையும் நன்கு கழுவியே உண்ணவும்.